கிளெமென்டேயின் கோபம்

1973-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துச் சிறுவர்கள் எழுந்ததும் கேட்ட செய்தி, ராபர்ட்டோ கிளெமென்டே சென்ற விமானம் கடலில் விழுந்துவிட்டது என்பதுதான். அந்நகரின் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் முதன்மை வீரர் அவர். வயது 38. நிலநடுக்கத்தால் சிதைந்திருந்த நிகராகுவா நாட்டுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிச் சென்றவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்தச் சிறுவர்கள் இப்போது அறுபதைக் கடந்தவர்கள். ஏறத்தாழ என் வயதினர். 1997-98 கல்வியாண்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் வருகைதரு ஆய்வாளராக இருந்தபோது அவர்களில் பலரோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. துறை அமைந்திருந்த கட்டடமே, பைரேட்ஸ் அணி 1970 வரை ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தை இடித்த இடத்தில் எழுப்பப்பட்டதுதான். பந்தடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டைத் தரைத்தளத்தில் கண்ணாடிக்கு அடியில் பதித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகவேண்டும்.

கிளெமென்டேயைப் பற்றி அவர்களிடம் கேட்கும்போது தியாகம், தொண்டு போன்ற சொற்கள் முதலில் வருவதில்லை. பந்தை எதிர்கொள்ள வந்து நிற்கையில் அவர் கழுத்தை இருபுறமும் திருகிச் சொடுக்குவாராம். அதைத்தான் முதலில் செய்துகாட்டுவார்கள். புள்ளியியல் கற்பித்த ஒருவர், நடைகூடத்தில் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் திருகிக் காட்டினார். உயரத்திலிருந்து இறங்கும் பந்தை இடுப்பருகே கூடைபோலக் கையேந்தி அவர் பிடிக்கும் விதம் அடுத்து வரும். அதன்பிறகு அந்த வீச்சு: மைதானத்தின் வலக்கோடியிலிருந்து, இடையில் யார் உதவியுமின்றி, ஓடுகிறவரை முந்திக்கொண்டு நேராக வந்து சேரும் பந்து. அக்காலத்தில் தெருவில் ஆடிய பிள்ளைகள் எல்லோரும் கழுத்தைத் திருகினார்கள் என்று அறிந்தேன்.

நகரம் பொதுவில் கொண்டாடும் கிளெமென்டே வேறு ஒருவர். சிலையாகவும் விருதாகவும் அஞ்சல் தலையாகவும் நிற்கும் அவர் புன்னகைக்கும் புனிதர். சிறுவர்களின் நினைவு, நகரத்தின் நினைவு ஆகிய இரண்டிலும் விடுபட்டுப்போனது அவருடைய கோபம். பொருளாதாரம் கற்பித்துப் பிழைத்த எனக்கு அந்தக் கோபமே அவர் வாழ்க்கையின் முதுகெலும்பாகப் படுகிறது.

கிளெமென்டே 1934 ஆகஸ்ட் 18 அன்று புவேர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா ஊரின் சான் அந்தோன் பகுதியில் பிறந்தார். தந்தை மெல்சோர் கிளெமென்டே கரும்புத் தோட்டத்தில் கங்காணி. தாய் லூயிசா வாக்கர். வீட்டில் இவரே கடைக்குட்டி. அத்தீவு 1898 முதல் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வாழும்வரை அதிபர் தேர்தலில் வாக்கில்லை. பேசுவது ஸ்பானிய மொழி. ஸ்பானிய வழக்கப்படி தந்தைவழிப் பெயர் முன்னும் தாய்வழிப் பெயர் பின்னுமாக அவருடைய முழுப்பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர். இந்தப் பெயர் வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பள்ளியில் ஈட்டி எறிவதில் தேர்ந்தவர். பின்னாளில் பேசப்பட்ட கைவலிமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். பதின்பருவத்திலேயே தீவின் குளிர்காலப் போட்டிகளில் சாந்தூர்சே அணிக்காக ஆடத் தொடங்கினார். 1954 பிப்ரவரியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, ஒப்பந்த ஊக்கத்தொகை 10,000 டாலர், சம்பளம் 5,000 டாலர் என்று பேசி அவரை எடுத்துக்கொண்டது.

அடுத்து நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பணக்கார அணிகள் இளம் திறமைகளை வாங்கிக் குவிப்பதைத் தடுக்க அப்போது ஒரு விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் ஊக்கத்தொகை பெற்ற புதியவரை முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். கீழ்நிலை அணிக்கு அனுப்பினால், ஆண்டு முடிவில் மற்றோர் அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். டாட்ஜர்ஸ் அவரைக் கனடாவில் இருந்த மாண்ட்ரியால் அணிக்கு அனுப்பியது; அங்கே அவர் குறைவாகவே களமிறக்கப்பட்டார். பிற அணிகளின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் உத்தி அது என்பது பரவலான கருத்து, மறுப்போரும் உண்டு. எப்படியாயினும், அந்த ஆண்டு பட்டியலில் கடைசி இடம் பிடித்த பைரேட்ஸுக்கு முதல் தேர்வுரிமை கிடைத்தது. நவம்பரில் 4,000 டாலர் கட்டணத்துக்கு அது கிளெமென்டேயை எடுத்துக்கொண்டது. அணியின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி. 1947-இல் ஜாக்கி ராபின்சனை டாட்ஜர்ஸில் களமிறக்கி நிறத்தடையை உடைத்த அதே ரிக்கி.

இந்தக் கைமாற்றத்தில் இருபது வயது இளைஞரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. ஒருமுறை கையொப்பமிட்ட வீரரை அணி ஆண்டுதோறும் தானே புதுப்பித்துக்கொள்ளலாம். வீரர் வேறு அணிக்குப் போக முடியாது. ஒப்பந்தத்தில் இருந்த இந்த ஒதுக்கீட்டு விதியை வகுப்பில் வாங்குவோர் முற்றுரிமைக்கு எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பேஸ்பாலுக்கு முற்றுரிமைத் தடைச் சட்டம் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-இல் தீர்ப்பளித்திருந்ததால், இச்சந்தையில் உழைப்பின் விலையை ஒருதரப்பே முடிவு செய்தது. 1974-இல் ஜெரால்டு ஸ்கல்லி என்ற பொருளியலாளர் கணக்கிட்டுக் காட்டினார்: தலைசிறந்த வீரர்கள் அணிக்கு ஈட்டித்தந்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குகூட அவர்களுக்குச் சம்பளமாகப் போகவில்லை.

கிளெமென்டே பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடத் தொடங்கிய 1955-இல், வசந்தகாலப் பயிற்சி ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் நடந்தது. கறுப்பின வீரர்களுக்கு அணியின் விடுதியில் இடமில்லை. கறுப்பர் குடியிருப்பில் தனி வீடுகளில் தங்கவேண்டும். பயண வழியில் வெள்ளை வீரர்கள் உணவகத்துக்குள் அமர்ந்து உண்ண, இவர்கள் பேருந்திலேயே காத்திருக்கவேண்டும். சட்டம் போட்டுப் பிரித்து வைக்கும் இந்த முறை அவருடைய ஊரில் இல்லாதது. நிறத்தால் கறுப்பர், மொழியால் அயலார் என்று இரட்டைச் சுமை. கறுப்பின வீரர்களிடமும் அவர் முழுக்க ஒட்ட முடியவில்லை, ஆங்கிலம் தடுத்தது.

செய்தியாளர்கள் அந்த ஆங்கிலத்தை விட்டுவைக்கவில்லை. அவர் சொன்னதன் பொருளை எழுதாமல், அவருடைய உச்சரிப்பை எழுத்துக் கூட்டிக் கேலியாக அச்சிட்டார்கள். பெயரையும் மாற்றினார்கள். ராபர்ட்டோ என்பது நாவில் புரளவில்லையோ என்னவோ, பாப் ஆக்கிவிட்டார்கள். சிறுவர்கள் மிட்டாய்போல் சேகரிக்கும் வீரர் அட்டைகளில் 1957 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக பாப் கிளெமென்டே என்றே அச்சாகியது. தன் பெயர் ராபர்ட்டோ என்று அவர் திரும்பத் திரும்பத் திருத்தினார். அதைச் செருக்கு என்றார்கள். நம்மில் வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ பணிபுரிந்து, சொந்தப் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு இது விளங்கும்.

உடல்நலம் பற்றிய பேச்சு அதைவிடக் கொடியது. 1954 டிசம்பரில், புற்றுநோயால் மரணப் படுக்கையில் இருந்த அண்ணனைப் பார்க்கச் சென்று திரும்புகையில், குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவர் மோதியதில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. வலி வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. கழுத்துச் சொடுக்கும் அந்தப் பழக்கமும் அதன் தொடர்ச்சிதான். வலிக்கிறது என்று சொன்னபோது நடிக்கிறார் என்று எழுதினார்கள். நடிப்பவர் என்று தூற்றப்பட்ட அந்த மனிதர் பைரேட்ஸுக்காக ஆடிய ஆட்டங்கள் 2,433. அணியின் நெடிய வரலாற்றில் ஹோனஸ் வாக்னர் ஒருவர்தான் அந்த எண்ணிக்கையில் அவருக்கு இணை.

1960-இல் பைரேட்ஸ், வலிமைமிக்க நியூயார்க் யாங்கீஸை வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்டே ஹிட் அடித்தார். அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் செய்தியாளர்கள் அவருக்குக் கொடுத்தது எட்டாவது இடம். விருது அவரது அணியைச் சேர்ந்த டிக் குரோட்டுக்குப் போனது. கிளெமென்டே இதை மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு .351 என்ற சராசரியோடு லீகின் மட்டையடிப் பட்டத்தை வென்றார். பத்து வாய்ப்பில் மூன்று முறை ஹிட் அடித்தாலே ஒருவர் தேர்ந்த ஆட்டக்காரர் எனப்படும் விளையாட்டில் இது மிக உயர்ந்த அளவு. 1964, 1965, 1967 ஆண்டுகளிலும் அதே பட்டம். 1961 முதல் 1972 வரை இடைவிடாமல் பன்னிரண்டு தங்கக் கையுறை விருதுகள். சிறந்த வீரர் விருது 1966-இல்தான் கிடைத்தது. 1964-இல் வேராவை மணந்தார், மூன்று மகன்கள். மூவரும் தீவில்தான் பிறக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, அப்படியே நடத்திக்காட்டினார்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளெமென்டேக்கு அவரை நேரில் தெரியும். புவேர்ட்டோ ரிக்கோவில் தன் பண்ணைக்கு அழைத்துச் சென்று உரையாடியிருக்கிறார். இறுதிச் சடங்கு முடியும்வரை களமிறங்க மாட்டோம் என்று பைரேட்ஸின் கறுப்பின வீரர்கள் நின்றபோது முன்னணியில் இருந்தவர் அவர். வெள்ளை வீரர்களும் உடன் நிற்க, தொடக்க ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. 1969 டிசம்பரில் வீரர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு சான் ஹுவான் நகரில் கூடியது. ஒதுக்கீட்டு விதியை எதிர்த்து வழக்குத் தொடுக்க விரும்பிய கர்ட் ஃப்ளட் அங்கே வந்து ஆதரவு கேட்டார். பைரேட்ஸ் வீரர்களின் பிரதிநிதியாகக் கிளெமென்டே அக்கூட்டத்தில் இருந்தார். குழு ஒருமனதாக ஃப்ளட்டை ஆதரித்தது. ஃப்ளட் 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்த விதி நடைமுறையில் உடைந்தது 1975 டிசம்பரில், ஒரு நடுவர் தீர்ப்பினால். அதைக் காணக் கிளெமென்டே இல்லை.

1971 அவருடைய ஆண்டு. செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். உயர்நிலை பேஸ்பாலில் அதுவே முதல் முறை. அக்டோபரில் பால்டிமோர் அணிக்கு எதிரான உலகத் தொடரில் மீண்டும் ஏழு ஆட்டங்களிலும் ஹிட்; சராசரி .414, தொடரின் சிறந்த வீரர். இம்முறை நாடே தொலைக்காட்சியில் பார்த்ததால் எவராலும் மறுக்க முடியவில்லை. வெற்றிக்குப் பிறகு ஒலிவாங்கி நீட்டப்பட்டபோது, ஆங்கிலத்தில் பேசத் தொடங்குமுன் தாய் தந்தையரிடம் ஸ்பானிய மொழியில் ஆசி வேண்டினார். இத்தனை ஆண்டுகள் அவருடைய பேச்சை நையாண்டி செய்த ஒரு நாடு, தனக்குப் புரியாத அந்தச் சில வாக்கியங்கள் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தது.

1972 செப்டம்பர் 30 அன்று மூவாயிரமாவது ஹிட்டை அடித்தார். மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர். பிட்ஸ்பர்க்கில் எனக்கு அறிமுகமானவர்களில் அன்று அங்கே இருந்ததாகச் சொன்னவர்களின் விகிதத்தை வைத்து மதிப்பிட்டால் குறைந்தது ஒரு லட்சம் பேராவது இருந்திருக்கவேண்டும். புள்ளியியல் நண்பரும் அந்த ஒரு லட்சத்தில் ஒருவர். நான் வாதிடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் புவேர்ட்டோ ரிக்கோவின் இளம் அணியை வழிநடத்தி நிகராகுவா சென்று சில வாரங்கள் தங்கினார். டிசம்பர் 23 அன்று அந்நாட்டின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தாக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிளெமென்டே சான் ஹுவான் விளையாட்டரங்கில் நிவாரணச் சேகரிப்பை முன்னின்று நடத்தினார். பொருள்கள் போய்ச் சேர்ந்தன. மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. சோமோசாவின் தேசியக் காவல்படை அவற்றைக் கைப்பற்றிக்கொள்வதாகச் செய்தி வந்தது. தானே உடன் சென்றால் யாரும் கைவைக்கத் துணியமாட்டார்கள் என்று அவர் கருதினார். கருணையால் புறப்பட்டார் என்பது உண்மை. ஆனால் கருணை மட்டுமென்றால் பணம் அனுப்பியிருக்கலாம், பொருள் அனுப்பியிருக்கலாம். அவற்றை முன்பே செய்திருந்தார். டிசம்பர் 31 இரவு, மனைவி மக்களை விட்டு அவரை விமானத்தில் ஏற்றியது, உரியவருக்கு உரியது கிடைக்காமல் நடுவில் பறிபோகிறதே என்ற பழைய சினம்.

அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது. பழைய டி.சி.7 ரகச் சரக்கு விமானம். டிசம்பர் 2 அன்றுதான் தரையில் ஓடும்போதே வடிகாலில் இறங்கிச் சேதமடைந்திருந்தது. அன்றிரவு ஏற்றப்பட்ட சரக்கு, அனுமதிக்கப்பட்ட எடையைவிட ஏறத்தாழ 1,900 கிலோ கூடுதல். தகுதிபெற்ற விமானப் பொறியாளர் உடனில்லை. உரிமையாளர்மீது ஏற்கெனவே ஏராளமான விதிமீறல் புகார்கள் இருந்தன. எழும்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது, ஐவரும் இறந்தனர். அணித் தோழர் மேனி சங்கியென், பிட்ஸ்பர்க் வீரர்கள் கலந்துகொண்ட நினைவுத் திருப்பலிக்குப் போகாமல், மூழ்குவோருடன் சேர்ந்து கடலில் தேடிக்கொண்டிருந்தார்.

குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். இத்தகைய விமானங்களைக் கண்காணிக்க வேண்டும் என்று கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமே தன் அலுவலர்களுக்கு உத்தரவிட்டிருந்தும் அது பின்பற்றப்படவில்லை என்பது வாதம். மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977-இல் அதைத் தலைகீழாக்கியது: அது உள்நிர்வாக உத்தரவு மட்டுமே, பயணிகளுக்கு அரசு சட்டப்படி கடமைப்பட்டதல்ல என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. கிளெமென்டே பற்றிய அஞ்சலிகளில் இந்த வழக்கு அரிதாகவே இடம்பெறுகிறது. தியாகம் என்று சொல்லிவிட்டால் எடைச்சீட்டைப் பார்க்கவேண்டிய அவசியம் போய்விடுகிறது. ஒழுங்குமுறை அமைப்புகள் தூங்குவதால் நேரும் சாவுகளுக்கெல்லாம் வீர மரணம் என்று பெயர் சூட்டும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

சிறுவர்களின் அன்புக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 1960-இல் ஆறு லட்சத்துக்கும் மேல். 1990-இல் மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கும் குறைவு. இடையில் எண்பதுகளில் எஃகு ஆலைகள் சரிந்தன. கிளெமென்டேயின் ஆட்டத்தைக் கண்ட பிள்ளைகளை மைதானத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போன தந்தையர் பலர் அந்த ஆலைகளில் உழைத்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்தபோது ஆலை இல்லை. அவர்களில் கணிசமானோர் ஊரையே விட்டுப் போனார்கள். கழுத்தைத் திருகிக் காட்டுகிறவர்கள் ஒரு வீரரை மட்டும் நினைத்துக்கொள்வதாக நான் எண்ணவில்லை.

நான் அங்கிருந்த காலத்தில் புதிய மைதானத்துக்குத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குக் கிளெமென்டேயின் பெயரைச் சூட்டவேண்டும் என்பது ரசிகர்கள் பலரின் விருப்பம். நான் ஊர் திரும்பிய பிறகு, 1998-இல், பெயர் சூட்டும் உரிமையை ஒரு வங்கி வாங்கியது. மைதானத்துக்குச் செல்லும் பாலத்துக்குக் கிளெமென்டேயின் பெயரை வைத்தார்கள். ஆட்ட நாட்களில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்கள் அதன்மீது நடந்து போகிறார்கள். சந்தை நோக்கில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. வலப்புறச் சுவரின் உயரத்தை மட்டும் அவருடைய சட்டை எண்ணை ஒட்டி 21 அடியாக அமைத்தார்கள். அதை விலைக்கு வாங்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

பேஸ்பால் புகழரங்கம் ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழித்தே ஒருவரைப் பரிசீலிக்கும். கிளெமென்டேக்காக அந்த விதியைத் தளர்த்தி 1973 மார்ச்சில் தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 424 வாக்குகளில் 393 அவருக்கு. லத்தீன் அமெரிக்காவிலிருந்து அங்கே நுழைந்த முதல் வீரர் அவர். வெண்கலப் பலகையில் அவருடைய பெயரை ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே என்று ஆங்கில வழக்கில் வரிசை மாற்றிப் பொறித்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர் என்று புதிய பலகை மாட்டினார்கள்.